டெய்லரக்கா கொடுத்த டப்பா

பையின் அடித்தட்டில் வட்டம் வெட்டுவது டெய்லரக்காவின் வேலை. கொழுந்தனின் குடல் முனையை வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே எடுத்துத் தைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றி ஒட்ட வேண்டிய பை அது. வட்டம் ஒரு நூல் பெரிதானால் கழிவு கசிந்து தோல் வெந்துபோகும். ஒரு நூல் சிறிதானால் குடலையே அறுக்கும். நர்ஸ் கொடுத்தனுப்பிய அளவு அட்டையை அவள் ஒரே ஒரு நாள்தான் தொட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் கண்ணளவுதான்.

கட்டிலில் படுத்திருந்த கொழுந்தன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“என்ன அண்ணி, காலர் வச்சுத் தைக்கிறீங்களா? இவ்வளவு நேரம் ஆகுது.”

“ஆடாம படு. கோணலாப் போச்சுன்னா உனக்குத்தான் நாறும்.”

“எனக்கு மட்டுமா?”

அவனை வீட்டில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் தட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வீடெல்லாம் வண்டி ஓட்டினவன். இப்போது முப்பத்தெட்டு வயது. ஒரு கையில் அடங்கிவிடுவான்போல இளைத்திருந்தான்.

முன்னறையில் அவன் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது. “இல்லைங்க. அந்தத் தேதி வேண்டாம். வேற தேதியும் வேண்டாம். எங்க பொண்ணு ரத்தத்தை எந்த லேபுக்கும் குடுக்கறதா இல்லை. லேப் சொல்றதையெல்லாம் ஒருதடவை நம்பிப் பார்த்தாச்சு.”

போனை வைத்த சத்தம் கேட்டது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டான். டெய்லரக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வட்டம் பாதியில் நின்றது.

அவன் மனைவிக்கு வீட்டில் பெயர் மிஸ். மழலையர் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் அதே அதிகாரம்தான், புருஷனைப் பார்த்து “கை கழுவியாச்சா? காட்டுங்க” என்பாள். அவனும் இரண்டு கையையும் நீட்டுவான். அவர்களுக்கு ஒரே மகள், பதினொரு வயது. அப்பாவுக்கு இருக்கிற குடல் நோய் பிள்ளைக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால் இப்போதிலிருந்தே வருஷா வருஷம் குடலைப் பார்த்து, முற்றுமுன் எடுத்துவிடலாம். இல்லை என்றால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சே வேண்டாம். மூன்று முறை தேதி கொடுத்துவிட்டார்கள். மூன்று முறையும் மிஸ் மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் மாட்டேன் என்பதற்குப் பின்னால் இருக்கிற கதை உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் முழுசாகத் தெரியும். ஒருவன் கட்டிலில் கிடந்தான். இன்னொருத்தி கையில் பாதி வெட்டிய வட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

டெய்லரக்காவுக்கு ஐம்பது நெருங்குகிறது, பிள்ளைகள் இல்லை. ரெடிமேட் கடை ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின், ஒரு பல்பு, ஒரு முக்காலி. இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான். கடையில் வாங்கின துணி யாருக்கும் அப்படியே பொருந்துவதில்லை. கால் நீளம், இடுப்பு தொளதொளப்பு, தோள் இறக்கம் என்று ஆளாளுக்கு ஒரு குறை. எல்லோருக்கும் அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்: “குடுங்க, பார்த்துக்கலாம்.”

அந்தப் பேச்சு கடையோடு நிற்கவில்லை. அவள் புருஷன் ஒயர்மேன். முதலாளியிடம் லீவு கேட்கப் பயந்து நெளிவார். இவள்தான் போனை வாங்கி, “அவருக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல் சார்” என்பாள். எதிர்வீட்டுக்காரி கடனாக வாங்கின பாத்திரத்தை உடைத்துவிட்டு வந்து நின்றால், “நான் உடைச்சேன்னு சொல்லிடு” என்பாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இங்கே கொஞ்சம் பிடித்து அங்கே கொஞ்சம் விட்டால் எதுவும் ஆளுக்குப் பொருந்திவிடும், அவ்வளவுதானே.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்றைக் கவனித்தாள். இந்த வீட்டு ஆண்கள் கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுவார்கள். ஏன் என்று மாமியாரைக் கேட்டாள். “சூட்டு உடம்பும்மா, அப்பப்போ சிவப்பாப் போகும். இவங்கப்பாவுக்கும் அப்படித்தான்” என்றார் மாமியார். இவங்கப்பா நாற்பத்து நான்கு வயதில் போய்ச் சேர்ந்தவர். மூலம் முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியான சங்கதியா அது?

ஐந்து வருஷத்துக்கு முன்னால் டிரைவர் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். நகரப் பேருந்தில் வேலைக்கு எழுதிப்போட்டு, ஓட்டிக்காட்டித் தேறியும்விட்டான். மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. ஒரு நாள் காலையில் அண்ணன் வீட்டுச் சமையலறைக்கு வந்து நின்றான்.

“அண்ணி, ஒரு உதவி. ஆனா சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கிற மாதிரி கேட்டா சிரிப்பேன்.”

சட்டைப் பையிலிருந்து, மலப் பரிசோதனைக்குக் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். மூடியில் அவன் பெயர் ஒட்டியிருந்தது.

“அய்யய்யோ, அதைப் போய் இங்க வைக்கிறியே! எடு முதல்ல!”

“காலி டப்பாதான் அண்ணி. அதுதான் பிரச்சினையே. எனக்கு நாலு நாளா சிவப்பாப் போகுது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக்கூட இதுல கண்டுபிடிச்சிடுவாங்களாம். மூலம் இருக்கிறவனை எட்டு மணி நேரம் சீட்ல உக்கார வைப்பானா? கழிச்சுக் கட்டிடுவான்.”

“உங்க அண்ணன்கிட்ட கேளு.”

“அண்ணனுக்கு மட்டும் பச்சையாவா போகுது?”

“உன் பொண்டாட்டியைக் கேளேன்.”

“மிஸ்ஸையா? டீச்சர்கிட்டயே போய் காப்பி அடிக்கட்டுமான்னு கேட்கச் சொல்றீங்களே, நியாயமா?”

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். “குடு, பார்த்துக்கலாம்.”

ரத்தம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வேலையும் வந்தது. டிரைவர் இனிப்புப் பெட்டியோடு வந்து முதல் துண்டை அண்ணி கையில் வைத்து, “எல்லாம் உங்க புண்ணியம்” என்றான். ஒயர்மேன் அதைப் பொதுவான மரியாதை என்று எடுத்துக்கொண்டார். மிஸ் அந்த ரிப்போர்ட்டை மகளின் தடுப்பூசி அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினாள். அவளிடம் காகிதம் ஒன்று போனால் தொலையவே தொலையாது.

அதற்கு அடுத்த வருஷம் ஒயர்மேன் ஏணியில் நின்றபடியே மயங்கி விழுந்தார். உடம்பில் ரத்தமே இல்லை என்று மூன்று பாட்டில் ஏற்றினார்கள். பிறகு குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். ஒல்லியான ஒரு சர்ஜனம்மா, குடும்பத்தையே உட்கார வைத்துக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

“சூடும் இல்லை, மூலமும் இல்லை. இது பரம்பரை நோய். பெருங்குடல் முழுக்க கடுகு, மிளகு, திராட்சைன்னு எல்லா அளவிலும் கட்டி, நூத்துக்கணக்குல. விட்டுவச்சா ஒருநாள் அதுல ஒண்ணு புற்றா மாறும். இவருக்கு இன்னும் மாறலை. பெருங்குடலை முழுசா எடுத்துட்டு, சிறுகுடல் நுனியை மடிச்சுப் பை மாதிரி பண்ணிக் கீழே இணைச்சிடலாம்.”

“இணைச்ச இடம் பிரிஞ்சுக்காதா?” என்றாள் டெய்லரக்கா. “டபுள் தையல் போடுவீங்களா?”

சர்ஜனம்மா முதல் முறையாகச் சிரித்தார். “எத்தனை தையல் போட்டாலும் துணியும் துணியும் ஒட்டி வளராதும்மா. குடல் வளரணும். அதுக்குள்ள கசிஞ்சாதான் ஆபத்து. இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. கொழுப்பிலிருந்து கொஞ்சம் செல்லை எடுத்து, சில வாரம் லேப்ல வளர்த்து, இணைப்பைச் சுத்திப் பதிய வைக்கிறோம். சீக்கிரம் ஆறும்னு எதிர்பார்க்கிறோம். உறுதியாச் சொல்ல மாட்டேன், சோதனையிலதான் இருக்கு. அது நோயைத் தீர்க்காது, தையலுக்குத் துணை, அவ்வளவுதான்.”

“அவர் கொழுப்பையேவா எடுப்பீங்க?”

“அவர் செல்லுக்குள்ளயும் அந்தப் பிழை இருக்கே. அது இல்லாதவங்களோடது வேணும். ரத்த உறவா இருந்தா இன்னும் நல்லது.”

டிரைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “எங்கிட்ட எடுங்க டாக்டர். கொழுப்புக்கு எனக்குப் பஞ்சமே இல்லைன்னு எங்க வீட்டு மிஸ் தினம் சொல்லுது.” படுத்திருந்த ஒயர்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

“சந்தோஷம். முதல்ல உங்களுக்கு ரத்தம் பார்க்கணும், குழாய் விட்டும் பார்க்கணும். செவ்வாய்க்கிழமை வாங்க. குடுக்கிறீங்களோ இல்லையோ, தம்பிங்கறதால நீங்க எப்படியும் பார்க்க வேண்டியதுதான்.”

டிரைவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மிஸ் கைப்பையைத் திறந்து உறையை உருவினாள். “இவருக்கு ஒண்ணும் இல்லை டாக்டர். போன வருஷம்தான் டெஸ்ட் எடுத்தாங்க. பாருங்க.”

சர்ஜனம்மா வாங்கிப் பார்த்தார். “இது வேற டெஸ்ட், இது போதாது. ஆனா ரத்தம் இல்லைங்கறது நல்ல சேதிதான்.”

டெய்லரக்கா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். அதைத்தான் இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறாள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன, கொஞ்சம் தலைகுனிவு. வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம்.

வெளியே நடைபாதையில் டிரைவர் அவள் பக்கத்தில் வந்தான். “அண்ணி, எனக்கு இன்னும் எட்டு மாசம் தற்காலிகம்தான். இப்போ ஏதாவது வந்ததுன்னா, சேரும்போதே மறைச்சேன்னு கிளறுவாங்க. டப்பா வரைக்கும் போகும்.”

“எட்டு மாசம்தானே? நிரந்தர ஆர்டர் வரட்டும். அடுத்த நாளே போய்ப் பார்த்துடணும். சத்தியம் பண்ணு.”

“சத்தியம் அண்ணி.”

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை. திடீர் ட்யூட்டி போட்டுவிட்டார்கள் என்று டெய்லரக்காதான் எல்லோரிடமும் சொன்னாள். ஒயர்மேன் மத்தியானம் வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். “சொந்த அண்ணனுக்கு ஒரு ஸ்பூன் கொழுப்புக் குடுக்கத் துணிச்சல் இல்லை பாரு” என்றார். பிறகு ஏழெட்டு மாதம் தம்பியோடு சரியாகப் பேசவில்லை. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி சேமிப்பில் இருந்த, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய செல்லை வைத்து ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் வயிற்றில் பை. அப்போதுதான் வட்டம் வெட்டப் பழகினாள். இணைப்பு கசியவில்லை, ஆறிவிட்டது. செல்லாலா, தையலாலா என்று சர்ஜனம்மாவே அறுதியிட்டுச் சொல்லவில்லை. பையை எடுத்துவிட்டார்கள். ஒயர்மேன் ஒரு நாளைக்கு ஆறு தடவை கழிவறைக்கு ஓடுவார், திரும்பி வந்து ஏணி ஏறுவார்.

நிரந்தர ஆர்டரும் வந்தது. “தம்பி, இப்போ போ” என்றாள். லீவு கிடைக்கட்டும் என்றான். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை சொன்னாள். அடுத்த மாசம் கட்டாயம் என்றான். மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை. அவன் பேருந்து கடை வழியாகத்தான் போகும். படிக்குக் கீழே அவள் இருக்கிறாள் என்று தெரிந்தே இரண்டு ஹாரன் அடிப்பான். சீருடைப் பேன்ட் அவளே இடுப்புப் பிடித்துக் கொடுத்தது. அப்படி ஜம்மென்று போகிறவனை நோயாளி என்று நினைக்க மனசு வரவில்லை. அவளே ஒத்துக்கொள்கிற காரணம் இன்னொன்றும் உண்டு. அவன் போய்ப் பார்த்து ஏதாவது இருந்தால் டப்பா விஷயமும் வெளியே வரும். வராமலே போகட்டுமே என்றிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, இரண்டு கதவையும் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தானாம். அவசர ஆபரேஷன். அதே சர்ஜனம்மா.

“எனக்கு வச்ச செல்லை இவனுக்கும் வைங்க டாக்டர்” என்று ஒயர்மேன் கெஞ்சினார்.

“இணைச்சாத்தானே சார் அதுக்கு வேலை? இணைக்க வழி இல்லை. அதோட, வளர வைக்கிற செல்லைப் புற்று இருக்கிற உடம்புல வைக்கக் கூடாது. கல்லீரல் வரைக்கும் போயிடுச்சு. வெளியே வச்ச பை வெளியேதான் இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “பத்து வருஷமாவது உள்ளே கட்டி இருந்திருக்கணும்” என்றார்.

மிஸ் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். “பத்து வருஷமா? அப்போ வேலையில சேரும்போது எடுத்த டெஸ்ட்ல ரத்தம் தெரிஞ்சிருக்கணுமே!” தெரிந்திருக்கலாம் என்றார் சர்ஜனம்மா. அன்றிலிருந்து மிஸ்ஸுக்கு லேப் என்றாலே ஆகவில்லை.

டெய்லரக்கா பாதியில் நின்ற வட்டத்தை வெட்டி முடித்தாள். விளிம்பை விரலால் தேய்த்து மழுக்கி, தோலைத் துடைத்து, பையை வைத்து அழுத்தினாள். சூடு ஏறினால்தான் பசை பிடிக்கும். உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டீங்களா அண்ணி?” என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

“கேட்டேன்.”

“நானே சொல்லிடலாம்னு நாலு நாளாப் பார்க்கறேன். மிஸ் தலையணையைச் சரி பண்ணும்போது வாய் வர மாட்டேங்குது.”

“நீ சொல்ல வேண்டாம். குடுத்தவ நான்.”

“கேட்டவன் நான்.”

“இப்போ அதுல போட்டி வேணுமா உனக்கு?”

“திட்டுமே அண்ணி.”

“திட்டட்டும். வாங்கிக்கறேன்.”

“மொத்தத்தையும் நீங்களே வாங்கிக்காதீங்க. எனக்கும் ரெண்டு மிச்சம் வைங்க” என்றான். சிரிக்கப் பார்த்தான். வயிறு வலித்ததால் பாதியில் விட்டுவிட்டான்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மிஸ் மேஜையில் உட்கார்ந்து கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்த பிளாஸ்டிக் உறை.

“வாங்கக்கா. புகார் மனு எழுதறேன். ‘அலட்சியம்’னு போடவா, ‘குற்றம்’னு போடவா? குற்றம்னே போடறேன். அந்த டெஸ்ட் எடுத்தவன் யாரு, பேரு என்னன்னு கேட்கப் போறேன். இன்னைக்கும் அவன் அதே நாற்காலியில உக்காந்து எத்தனை பேருக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுக்கிறானோ.”

“எழுதாதே” என்றாள் டெய்லரக்கா.

“ஏன்? பயமா?”

“அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்.”

மிஸ் நிமிர்ந்தாள். டெய்லரக்கா உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சைச் சுற்றி வளைத்துவிடுவோம் என்று அவளுக்கே தெரியும்.

“அந்த டப்பாவில இருந்தது உன் புருஷனோடது இல்லை. என்னோடது. அவனுக்கு அப்பவே ரத்தம் போயிட்டிருந்தது. வேலை கிடைக்காதுன்னு பயந்து என்கிட்ட வந்து நின்னான். நான் சிரிச்சுக்கிட்டே குடுத்தேன்.”

மிஸ் பேனாவை விரலுக்கு நடுவில் பிடித்தபடியே இருந்தாள்.

“ஒயர்மேன் அத்தானுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. இன்னைக்கு வந்ததும் சொல்லிடுவேன்.”

“அந்தச் செவ்வாய்க்கிழமை... இவருக்கு ட்யூட்டி போட்டுட்டாங்கன்னு நீங்கதானே போன் பண்ணீங்க?”

“நான்தான்.”

“நான் அந்தக் காகிதத்தை டாக்டர் கையில குடுக்கும்போது நீங்க பக்கத்திலதானே இருந்தீங்க.”

“இருந்தேன்.”

“பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

மிஸ் உறையிலிருந்து ரிப்போர்ட்டை வெளியே எடுத்து, அதில் எழுதியிருந்ததை மறுபடி வரி வரியாகப் படித்தாள். எத்தனை தடவை படித்தாலும் அதில் இருப்பதுதானே இருக்கும். டெய்லரக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இவள் தன்னைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அந்த வேலையை இவளுக்கு வைக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

“என்னை என்ன வேணா சொல்லு. இந்தப் படியே ஏறாதேன்னு சொல்லு, ஏறலை. பை மாத்த நர்ஸைக் கூப்பிட்டுக்கோ, இல்லைன்னா உனக்குச் சொல்லித் தரேன். ஆனா லேப் மேல கோவிச்சுக்கிட்டு பாப்பாவை விட்டுடாதே. லேப்காரன் பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன். என் கை படாத ரத்தம் அது, அவ ரத்தம். நீயே கூட்டிட்டுப் போ, நீயே பேரை எழுதி ஒட்டு, நான் அந்தப் பக்கமே வரலை.” மேஜை மேலிருந்த போனை மிஸ் பக்கம் தள்ளினாள். “நாளைக்குத் தேதி கேட்கலாமாம்மா? இப்பவே போன் போட்டாக்கூடக் குடுப்பாங்க.”

மிஸ் பேனாவுக்கு மூடி போட்டாள். எழுதின தாளையும் ரிப்போர்ட்டையும் மேஜையிலேயே விட்டுவிட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மகளின் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஆணியிலிருந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“மிஸ்... எப்போ போகலாம்?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.